சந்தனம் பூசிய பித்தளைக் குண்டு

போன வாரம் என் பழைய மேசை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனைச் சாலைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், மூக்குக்கண்ணாடி போட்டவர், வெப்பம் அளக்கும் புதிய கலோரிமீட்டருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "இந்த மருந்து உதவாது, தள்ளிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் வெப்பமானி சரியாகச் செருகப்படவில்லை என்று தெரிந்தது. மருந்து பிழைத்தது. அவர் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த மனிதருக்கு ஒரு கதை பாக்கி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. மற்றவர்களும் படிக்கலாம். நாளை நீங்களும் அதே இடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கப்போகிறவர்கள்தானே.

மருந்து என்றால் நம் சாலையில் வெடிமருந்துதான். நான் கொள்ளேகாலத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைச் சோதிக்க இப்போது இருப்பதுபோல மினுமினுக்கும் கருவிகள் கிடையாது. ஒரு தராசு. ஈரம் போக்கிப் பார்க்க ஓர் அடுப்பு. மருந்தைக் கோடாகக் கொட்டிப் பற்றவைத்து, எரியும் வேகத்தைப் பார்க்க ஒரு கல் வாய்க்கால். இவை எல்லாம் ஒரு பக்கம். எங்கள் செல்லப்பிள்ளை இன்னொரு பக்கம். அதற்குக் குட்டிப் பீரங்கி என்று பெயர்.

குட்டி என்றால் உண்மையிலேயே குட்டி. ஒரு பெரிய உரல் அளவுதான் இருக்கும். வாய் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதில் அளந்த மருந்தைப் போட்டு, அதன்மேல் ஆரஞ்சுப்பழம் போல ஒரு பித்தளைக் குண்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். குண்டு பறந்து போய்ப் புல்வெளியில் விழும். அங்கே வெள்ளையடித்த இரண்டு கற்கள் நட்டிருந்தோம். இரண்டுக்கும் நடுவே விழுந்தால் மருந்து நல்ல மருந்து. முதல் கல்லுக்கு இந்தப் பக்கமே விழுந்தால் சோனி. இரண்டாவது கல்லைத் தாண்டினால் முரடு. அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். இப்போது சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

குண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் ஜோடி ஒரு முரட்டு மருந்தின் புண்ணியத்தில் கிணற்றுக்குள் போய்விட்டது. மிஞ்சியதை எங்கள் தலைவரான தலைமை ரசாயனி கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். அவர் மேலுக்கோட்டை வழி வந்த ஐயங்கார். சீமைக்குப் போய்ப் படித்தவர். நெற்றியில் நாமமும் உடம்பில் கோட்டும் சண்டையில்லாமல் குடியிருக்கும். குண்டை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது, பட்டுத்துணியால்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். மறந்து தொட்டுவிட்டால், "ஏய் கொள்ளேகாலம்! உன் விரல் எண்ணெயெல்லாம் அதுல ஒட்டிண்டா எடை என்னத்துக்கு ஆகும்?" என்று சாலையே அதிரக் கத்துவார். என் பெயர் அவருக்குக் கடைசிவரை நினைவிருந்ததாகத் தெரியவில்லை. ஊர்ப் பெயரே போதுமென்று விட்டுவிட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. சோதனையின் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடி சுடக்கூடாது. "பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் சுட்டுண்டே இருந்தா அது சோதனை இல்லைடா, பேரம்" என்பார். முதல் சோதனையில் இன்ன தப்பு என்று காரணம் சொன்னால் ஒழிய இரண்டாவது சோதனை கிடையாது. இந்தச் சட்டம்தான் அவர் கழுத்தையே பிடித்தது.

அப்போது ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. சீமை மருந்து கப்பலில் வருவது நின்றுபோனது. தசராவுக்கு இருபத்தொரு குண்டு மரியாதை போட மருந்துக்கு எங்கே போவது என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது எங்கள் தலைவர் எழுந்து, நம் மைசூர் சமஸ்தானத்திலேயே செய்துவிடலாம், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அரண்மனைச் சபையில் சொன்ன வார்த்தை. மருந்து சரியாக வராவிட்டால் அவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதுதான், அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் இடத்துக்கு வர ஆசைப்பட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

உள்ளூரில் செய்த மருந்து மாட்டு வண்டியில் வந்து சேர வேண்டும். வழியெல்லாம் மழை. வண்டி வந்து நின்றது ஆயுத பூஜை அன்று, பூஜை முடிந்த பிறகு. குட்டிப் பீரங்கி அரளி மாலை போட்டுக்கொண்டு, தராசுக்கும் அடுப்புக்கும் நடுவே மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. பூஜையில் உட்கார்ந்த கருவியை மறுநாள் காலைப் பூஜை ஆகும்வரை எடுக்கக்கூடாது. ஆகவே சோதனை விஜயதசமி காலையில் என்று முடிவானது. அன்று பிற்பகல்தான் மகாராஜா அம்பாரியில் ஏறுவார், பீரங்கிகள் முழங்கும்.

பீரங்கிப் படையின் ஹவல்தார் விடிந்ததுமே வந்துவிட்டார். பெரிய மீசைக்காரர், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய கவலை வேறு. பட்டத்து யானைக்கும் குதிரைகளுக்கும் தசராவுக்கு முன்பே பீரங்கிச் சத்தம் பழக்குவார்கள் அல்லவா? கையிருப்பில் இருந்த சீமை மருந்தெல்லாம் அந்தப் பழக்கத்திலேயே தீர்ந்துபோனது. "சார், யானைக்கு அந்தச் சத்தம்தான் கொத்து, வேற சத்தம் தெரியாது" என்றார் ஹவல்தார்; கன்னடத்தில் கொத்து என்றால் தெரியும். "இது ஜாஸ்தி சத்தம் போட்டு, யானை மெரண்டுச்சுன்னா, மேல இருக்கறது யாரு? மகாராஜா! என் தலை இருக்குமா?"

விஜயதசமியில் தொடங்குவது விருத்தியாகும் என்று அன்று தலைவரே தம் கையால் சுட முன்வந்தார். மருந்தை அளந்து போட்டார். பூஜைத் தட்டிலிருந்து குண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் நாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் சாத்தியது அவர்தான். மைசூரில் சந்தனத்துக்கா பஞ்சம்? பட்டுத்துணியைத் தேடி நான் நீட்டியபோது, "இன்னிக்கு அது பிரசாதம்டா, துடைக்கப்படாது" என்று சொல்லி, குண்டைப் பீரங்கியின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். பற்றவைத்தார்.

டம்மென்று ஒரு சத்தம். குண்டு முதல் கல்லைத் தாண்டியது. இரண்டாவது கல்லைத் தாண்டியது. புல்வெளியைத் தாண்டியது. கடைசியில் காம்பவுண்டுச் சுவரையும் தாண்டி, அடுத்த வீட்டு மாமரத்துக்கு அப்பால் மறைந்துபோனது. எங்கேயோ ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மனிதர் கன்னடத்தில் சாமியை அழைத்து "தேவரே!" என்று அலறும் சத்தம்.

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு முரட்டு மருந்தை அந்தச் சாலை அதுவரை கண்டதில்லை. ஹவல்தார் மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டார். தலைவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "மருந்து தள்ளுபடி" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது. "குண்டு மரியாதை இல்லைன்னு அரண்மனைக்குச் சொல்லணும். நானே எழுதித் தர்றேன். நீ போய்க் குண்டையாவது மீட்டுண்டு வா." கத்துகிற மனிதர் கத்தாமல் இருந்தால் பார்க்கச் சகிக்காது.

அடுத்த வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற அமல்தார். தாலுகாவையே ஆண்டவர். வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் பேசுவார், அவசரத்தில் இரண்டையும் கலந்துவிடுவார். நான் போனபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே மணியோசை.

"வாங்க வாங்க, தரிசனத்துக்கா?" என்றார் ஈர வேட்டியோடு.

"இல்லீங்க. எங்க குண்டு ஒண்ணு இந்தப் பக்கமா வந்துட்டுதுங்க. பித்தளைக் குண்டு."

"குண்டா? என்னப்பா பேசுற! திருஷ்டி சுத்தி உடைக்கப் பூசணிக்காய எடுத்து வச்சுட்டுத் திரும்புறேன். ஆகாசத்துலிருந்து தேவரு எறங்கி, அவரே அத ரெண்டா ஒடச்சுட்டாரு. நீரே நோடி!"

பார்த்தேன். முற்றத்தில் பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பூஜை அறையில், வெள்ளித் தட்டில், பூச்சரத்துக்கு நடுவே எங்கள் குண்டு கொலுவிருந்தது. அக்கம்பக்கத்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உண்டியலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது எங்க பீரங்கிக் குண்டுதானுங்க" என்றேன்.

"ஓஹோ. பீரங்கிக் குண்டுக்குச் சந்தனம் குங்குமம் யாரப்பா பூசுவா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? சீமையில் படித்த எங்கள் தலைவர் பூசினார் என்றா? தாலுகாவையே விசாரித்த மனிதரிடம் சாட்சி சொல்லிப் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தச் சமயத்தில் அமல்தாரின் மனைவி குண்டுக்கு அபிஷேகம் செய்யத் தொடங்கினார். செம்புத் தண்ணீரை ஊற்றினார். விரலால் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். "யாரு பூசினாங்களோ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பூசியிருக்காங்க. போகவே மாட்டேங்குது" என்று முணுமுணுத்தார். பக்குப் பக்காகச் சந்தனம் உரிந்து தட்டில் விழுந்தது. உள்ளிருந்து பித்தளை வெளியே வர வர, குண்டு சிறுத்துக்கொண்டே வந்தது.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. மற்ற நாட்களில் குண்டைக் குட்டிப் பீரங்கிக்குள் விட்டால் 'டிணுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். குண்டு கொஞ்சம் சின்னது, குழாய் கொஞ்சம் பெரிது, தளர்ந்தாற்போல் உள்ளே இறங்கும். மருந்து எரியும்போது வாயுவில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாக வீணாய்ப் போகும். அந்த வீணையும் சேர்த்துத்தான் எங்கள் வெள்ளைக் கற்களின் கணக்கு. இன்று டிணுக் இல்லை. கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார். இட்லிக் கொப்பரை மூடியைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டினால் ஆவி என்ன செய்யும்? மூடியைத் தூக்கும். சந்தனம் அந்த இடுக்கை அடைத்துவிட்டது. மருந்தின் மேல் குற்றமே இல்லை.

ஆனால் குண்டு இல்லாமல் இதை எப்படி நிரூபிப்பது? வாசலில் ஹவல்தார் வேறு வந்து நின்று, "பேகா வாங்க, சீக்கிரம்! வண்டி கட்டணும், இல்ல அவுக்கணும், ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க!" என்று கத்தினார். சாமி இல்லை என்று அமல்தாரிடம் வாதாடிக்கொண்டிருந்தால் தீபாவளி வந்துவிடும். நான் கைகூப்பிக்கொண்டேன்.

"சார், தேவருன்னே வச்சுக்கலாமுங்க. ஆனா இவருக்கு இன்னைக்கு அரண்மனை உத்தியோகமுங்க. இவரு வந்து ஒரு தரம் எங்க பீரங்கியில கெளம்பினாத்தான் மகாராஜாவுக்குக் குண்டு மரியாதை நடக்குமுங்க."

அமல்தாரின் முகம் மாறியது. "சர்க்கார் கெலசமா? சர்க்கார் வேலைன்னு மொதல்லயே சொல்லறதில்லையா?" என்று துள்ளி எழுந்தார். தெய்வத்துக்குக்கூட விடுப்புத் தராத மனிதர் அவர். "ஏய், சந்தனம் கொண்டா, புதுசாச் சாத்தி அனுப்பலாம்!"

"வேண்டாமுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் உண்டியல்காரர் பயந்துவிட்டார். "டூட்டியில அலங்காரம் கூடாதுங்க."

"அது நியாயம்" என்றார் அமல்தார் உடனே. "நான் ஆபீஸ்ல இருந்தப்ப மோதிரம்கூடப் போட்டதில்ல."

வெள்ளித் தட்டில் குண்டு. தட்டு அமல்தார் கையில். அவருக்குக் குடை பிடித்தபடி ஹவல்தார். பின்னால் அக்கம்பக்கத்தார். இப்படி ஓர் ஊர்வலமாக நாங்கள் பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்தோம். வழியெல்லாம் நான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். மேலதிகாரியிடம் உங்கள் பக்திதான் பிழை என்று எந்த வாயால் சொல்வது? அப்போது நான் தற்காலிக ஊழியன்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கொள்ளேகாலத்துக்கு வண்டியேற வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அவர் நாற்காலி போகும்.

தலைவர் பேனாவைத் தொட்டு வைத்திருந்தார். காகிதத்தில் பாதி எழுதியாகிவிட்டது.

"சார், மறுபடி சுடோணுங்க" என்றேன்.

"சட்டம் தெரியுமோல்லியோ?"

"தெரியுமுங்க."

"காரணம் சொல்லு."

என் தொண்டை காய்ந்துபோனது. "காலையில சுட்டப்போ குண்டு கொஞ்சம் பெருசா இருந்துச்சுங்க."

"பெருசாவா? பித்தளைக் குண்டு ராத்திரியோட ராத்திரியா பெருக்குமாடா?"

"பெருக்காதுங்க. பூசினாப் பெருக்குமுங்க" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அமல்தாருக்குப் பொறுக்கவில்லை. "ஆமா சுவாமி! எத்தனை செம்புத் தண்ணி! அரை வீசை சந்தனம் இருக்கும். இப்படி ஒரு பூச்சு என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. பூசினது யாருன்னு தெரிஞ்சா நானே விசாரிப்பேன்!"

நான் கண்ணைத் திறந்தேன். தலைவர் தம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் எழுந்து வெளியே வந்தார். பட்டுத்துணியை வாங்கிக் குண்டைத் துடைத்தார். வெறும் குழாயையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, குண்டை அதன் வாயில் விட்டார்.

டிணுக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் தோள் இரண்டும் இறங்கியதை நான் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, ஹவல்தாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "காலைச் சோதனை செல்லாது. காரணம், சோதனை பண்ணினவன். அது நான்தான்." சீமையில் என்ன படித்தாரோ தெரியாது, அந்த வாக்கியத்துக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது.

குண்டை வெளியே எடுத்து, மருந்தை அளந்து போட்டுச் சுட்டார். குண்டு போய் இரண்டு வெள்ளைக் கற்களுக்கும் நடுவே, அழைத்த இடத்துக்கு வந்த விருந்தாளி போல, விழுந்தது. ஹவல்தார் குடையைத் தூக்கிப் போட்டார். பிடித்த பதில் என்பதாலேயே தலைவருக்குச் சந்தேகம், இன்னொரு தரம் என்றார். அமல்தார் பதறிப்போய், "சுவாமிக்குத் தலை சுத்தும், கொஞ்சம் இருங்க!" என்று குண்டின் பின்னாலேயே ஓடினார். மறுபடியும் நடுவில்தான் விழுந்தது. மருந்து வண்டி கிளம்பிப் போனது.

ஊர்வலம் பார்க்க எங்களுக்குத் தெம்பு இல்லை. தலைவரும் நானும் சாலையின் மொட்டைமாடியில் நின்றோம். முதல் முழக்கம் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தொன்று முடியும்வரை திறக்கவில்லை. பட்டத்து யானை காதைக்கூட ஆட்டவில்லை என்று ஹவல்தார் வந்து சொன்னபோது, நான் வெட்கமில்லாமல் அழுதேன். தலைவர் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார்.

மூக்குக்கண்ணாடிக்காரரே, இப்போது உமக்கு. அளவு திடுக்கிட வைத்தால், முதலில் கருவியைப் பாரும். பிறகு அதில் கைவைத்தவரைப் பாரும், அது நீராகவே இருக்கலாம். மருந்தைத் திட்டுவது கடைசியில். கைவைத்தவர் உம் மேலதிகாரியாக இருந்தால் நல்ல வார்த்தை தேடி நேரத்தை வீணாக்காதீர், எப்படிச் சொன்னாலும் தொண்டை காயத்தான் போகிறது. காரணமில்லாமல் மறுபடி சுடவும் வேண்டாம். நான் பயந்துகொண்டு ஒருமுறை சும்மா இன்னொன்று சுட்டுப் பார்க்கலாமே என்று மட்டும் கெஞ்சியிருந்தால், அவர் அந்தக் காகிதத்தை எழுதி முடித்திருப்பார்.

அமல்தார் தம் உரிமையைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வருடா வருடம் விஜயதசமிச் சோதனை முடிந்ததும் குண்டு அவர் வீட்டுக்குப் போய், ஒரு வேளை நைவேத்தியம் கண்டருளித் திரும்பும். நாங்கள் துணைக்குப் போய்ச் சுண்டல் சாப்பிடுவோம்.

அடுத்த வருட ஆயுத பூஜையில் தலைவர் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். தராசுக்கு வைத்தார். அடுப்புக்கு வைத்தார். குட்டிப் பீரங்கிக்கு வெளிப்பக்கம் மட்டும் ஒரு பொட்டு வைத்தார். குண்டுக்கு முன்னால் வந்ததும் நின்றார். விரலில் வழித்த சந்தனம் இருந்தது. எடுத்த சந்தனத்தைத் திரும்பக் கிண்ணத்தில் போடக்கூடாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவ்வளவையும் என் நெற்றியில் அப்பினார்.

"நீயே வச்சுக்கோடா, கொள்ளேகாலம்" என்றார். "உனக்கு எவ்வளவு பூசினாலும் நீ இந்தக் காம்பவுண்டைத் தாண்டிப் போகமாட்டே."

அவர் போன பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. குண்டுக்கு உரிய சந்தனம் வருடா வருடம் என் நெற்றிக்குத்தான் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை காம்பவுண்டைத் தாண்டவும் இல்லை. இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கிண்ணத்தோடு வருவேன். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றி வைத்திரும்.